ஆர்மோனியம் வாசித்த தாத்தாவை எங்கே தேடுவது?

"என் தாத்தா, ஊர்த் திருவிழாக்களில் விடிய விடிய நடக்கும் ஸ்பெஷல் நாடகங்களில் ஆர்மோனியம் வாசித்தவர். புதுக்கோட்டை, திண்டுக்கல் பக்கமெல்லாம் போயிருக்கிறார். அவர் பெயரை எங்கே தேடினாலும் ஒன்றும் கிடைக்கவில்லை. பழைய நாடகக்காரர்களில் நாம் மறந்துபோனவர்கள் யார் யார்? அவர்களைப் பற்றித் தெரிந்துகொள்ள வழி இருக்கிறதா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

வழி இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால், உங்கள் தாத்தா ஏன் கிடைக்கவில்லை என்பதைக் கொஞ்சம் பேச வேண்டும். நம்மிடம் ஒரு பழக்கம் இருக்கிறது. ஒரு கலைஞரை நினைவில் வைக்க வேண்டுமானால் அவர் பெயருக்கு முன்னால் "முதல்" என்ற சொல் வேண்டும். முதல் கதாநாயகி, முதல் பெண் இயக்குநர், முதலில் படம் காட்டியவர். அந்தச் சொல் கிடைத்தவர்கள் பொது அறிவுப் புத்தகத்தில் ஒரு மதிப்பெண் வினாவாக இருக்கிறார்கள். கிடைக்காதவர்களுக்கு அந்த ஒரு வரியும் இல்லை. என்னைக் கேட்டால் இரண்டுமே மறதிதான்.

டி.பி.ராஜலட்சுமியை எடுத்துக்கொள்ளுங்கள். 1931 அக்டோபர் 31 அன்று வெளியான 'காளிதாஸ்' படத்தின் நாயகி. முதல் தமிழ்ப் பேசும் படம், முதல் நாயகி. இவ்வளவுதான் பலருக்குத் தெரியும். அதற்கு முன்னால் அவர் என்ன பாடுபட்டார் என்று பாருங்கள். 1911இல் திருவையாற்றில் ஒரு பிராமணக் குடும்பத்தில் பிறந்தவர். பொம்மை வைத்து விளையாடுகிற வயதில் கல்யாணம் செய்துவைத்தார்கள். அந்த வாழ்க்கை நிலைக்கவில்லை. தந்தை போன பிறகு தாயும் மகளும் பிழைப்புக்காகத் திருச்சிக்கு வந்தார்கள். அந்தக் காலத்தில் நாடகத்துக்குப் போன பெண்ணை உறவுகள் வாசலில் ஏற்றாது. அது தெரிந்தும் சி.எஸ்.சாமண்ணா என்பவரின் நாடகக் கம்பெனியில் அந்தச் சிறுமி சேர்ந்தாள். நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளிடம் பாடம் கேட்கும் பாக்கியமும் கிடைத்தது. சாமண்ணாவின் பெயரை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடியும் வருவார்.

பம்பாயில் இந்தியாவின் முதல் பேசும் படமான 'ஆலம் ஆரா'வுக்காகப் போட்ட செட்டிலேயேதான் 'காளிதாஸ்' படத்தை எடுத்தார்கள். ராஜலட்சுமி தமிழில் பேசுவார், கதாநாயகன் தெலுங்கில் பதில் சொல்வார், இன்னொருவர் இந்தியில் பேசுவார். கதைக்குச் சம்பந்தமே இல்லாமல் ராட்டையையும் காந்தியையும் பற்றி ராஜலட்சுமி ஒரு பாட்டுப் பாடினார். அந்தப் பாட்டுக்குத்தான் கூட்டம் வந்தது என்று சொல்பவர்கள் உண்டு. பாட்டெழுதியவர் மதுரகவி பாஸ்கரதாஸ்.

ஐந்து வருடம் கழித்து, 1936இல், 'மிஸ் கமலா'. கதை, வசனம், இயக்கம், தயாரிப்பு, நாயகி வேடம் எல்லாம் ராஜலட்சுமி. தன் மகளுக்குக் கமலா என்றே பெயர் வைத்தார். கொல்லப்பட இருந்த ஒரு பெண் சிசுவை வாங்கி வளர்த்தார் என்பது எனக்கு அவருடைய எல்லாப் பட்டங்களையும்விடப் பெரிதாகத் தெரிகிறது. 1964இல் காலமானார். 'காளிதாஸ்' படமும் 'மிஸ் கமலா'வும் இன்று இல்லை, பிரதியே மிஞ்சவில்லை. அவர் பேசியதைக் கேட்கவும் முடியாது, அவர் இயக்கியதைப் பார்க்கவும் முடியாது. இந்த நிலையில் "முதல்" என்ற சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு அவரை நினைவில் வைத்திருக்கிறோம் என்று சொன்னால் எனக்கு மனம் ஒப்பவில்லை.

சாமிக்கண்ணு வின்சென்ட் கதையும் ஏறக்குறைய அப்படித்தான். திருச்சியில் மாதம் 25 ரூபாய் சம்பளத்துக்கு ரயில்வே வேலை பார்த்த கோயம்புத்தூர்க்காரர். 1905இல், உடம்பு சரியில்லாமல் ஊர் திரும்பக் காத்திருந்த டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியையும் சில படச்சுருள்களையும் 2,250 ரூபாய்க்கு வாங்கினார். தன்னுடைய ஏழரை வருடச் சம்பளம்! வாங்கிய கையோடு வேலையை விட்டுவிட்டு, கூடாரத்தைக் கட்டித் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போனார். இயேசுவின் வாழ்க்கைப் படத்தைப் பார்க்க எல்லா மதத்துக்காரர்களும் கூடாரத்தில் வந்து உட்கார்ந்தார்கள். 1914இல் கோவையில் வெரைட்டி ஹால் கட்டினார். அந்தத் தெரு இன்றும் வெரைட்டி ஹால் ரோடுதான். தினமும் அதில் நடப்பவர்களில் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று தெரியும்?

சரி, "முதல்" என்ற பட்டம் கிடைக்காதவர்களுக்கு வருவோம். நான் இதை எழுத உட்கார்ந்ததே அவர்களுக்காகத்தான்.

கும்பகோணம் பாலாமணி அம்மாள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் முழுக்கப் பெண்களையே வைத்துக் கம்பெனி நடத்தியவர். ஆண் வேடமும் பெண்கள்தான் கட்டினார்கள். ஆதரவில்லாத பெண்கள் பலருக்கு அந்தக் கம்பெனிதான் வீடு. ஆண்களே பெண் வேடம் போட்டுக்கொண்டிருந்த காலத்தில் இதைச் செய்தார் என்பதை யோசித்துப் பாருங்கள். அவருடைய 'தாரா சசாங்கம்' நாடகத்தைப் பார்க்க மாயவரத்திலிருந்தும் திருச்சியிலிருந்தும் கும்பகோணத்துக்குத் தனி ரயில் ஓடியது, அதற்கு 'பாலாமணி ஸ்பெஷல்' என்றே பெயர் என்று அந்தக் காலத்து நாடக உலகத்தை அறிந்தவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். ராத்திரி நாடகத்துக்கு வந்து, நாடகம் முடிந்ததும் அதே ரயிலில் திரும்பிப் போவார்களாம். நாலு குதிரை பூட்டிய சாரட், தோட்டம், மான், மயில் என்று அவருடைய வீட்டைப் பற்றிச் சொல்வதற்கு ஓர் எல்லையே கிடையாது.

அந்த அம்மாள் 1935இல் மதுரையில் வறுமையில் செத்துப்போனார். அடக்கம் செய்யக்கூடப் பணம் இல்லை. நாலு பேரிடம் கேட்டு வாங்கிக் காரியத்தை முடித்தவர் சாமண்ணா. ஆமாம், ராஜலட்சுமியைச் சிறுமியாகக் கம்பெனியில் சேர்த்துக்கொண்ட அதே சாமண்ணா. ஒரு பக்கம் தொடங்குகிற வாழ்க்கைக்கு வாசல் திறந்தவர், இன்னொரு பக்கம் முடிந்த வாழ்க்கைக்குக் கொள்ளிக்கு வழி செய்தவர். நாடக வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் அவர் ஓரத்தில் வந்து போவார். அவரைப் பற்றி யாராவது தனியாக உட்கார்ந்து ஒரு புத்தகம் எழுத வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை.

அடுத்தவர் விஸ்வநாததாஸ். இவரைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்லப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1886இல் சிவகாசியில் பிறந்தவர். முடிதிருத்தும் தொழில் செய்யும் மருத்துவர் சமூகம். திருமங்கலத்தில் வாழ்ந்தார். குரலும் தோற்றமும் அமைந்த ராஜபார்ட், அதாவது கதாநாயக நடிகர். முருகன் வேடம் போட்டால் சனங்கள் கையெடுத்துக் கும்பிடுவார்கள். ஆனால் அந்த முருகனோடு வள்ளியாக நடிக்க மாட்டோம் என்று பல ஸ்திரீபார்ட் நடிகைகள் மறுத்துவிட்டார்கள். காரணம் சாதி. பகலில் எட்ட நிற்கச் சொன்ன ஊர், ராத்திரியில் அவரைக் கும்பிட்டது.

'வள்ளி திருமணம்' நாடகத்தின் அமைப்பைத் தெரிந்துகொண்டால்தான் அவர் செய்தது புரியும். வள்ளி தினைப்புனத்தில் பரண் மீது நின்று பறவைகளை விரட்டுவாள். ஆலோலம் பாடும் கட்டம் அது. நாடகம் பார்க்கிற எல்லோருக்கும் தெரிந்த இடம், பறவையைப் பற்றிப் பாடினால் யாரும் குற்றம் சொல்ல முடியாது. அந்த இடத்தில் விஸ்வநாததாஸ் கொக்குப் பாட்டைப் பாடினார். வெள்ளைக் கொக்கு நம்முடைய வயலில் இறங்கித் தின்கிறது, அதை விரட்டு என்பது பாட்டின் பொருள். வெள்ளைக் கொக்கு யார் என்று கூட்டத்தில் இருந்த குழந்தைக்கும் தெரியும், ஓரத்தில் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த போலீசுக்கும் தெரியும். 1876ஆம் ஆண்டு நாடகச் சட்டம் அரசாங்கத்தின் கையில் இருந்தது. நாடகத்தை நிறுத்தலாம், ஆளைப் பிடிக்கலாம். பல தடவை பிடித்தார்கள். வெளியே வந்ததும் மறுபடி அதையே பாடினார். கோர்ட்டுக்கும் கடனுக்கும் அலைந்தே வருமானம் போய்விட்டது.

அவரோடு நடிக்கத் துணிந்தவர்களில் ஒருவர் கே.பி.ஜானகி. மதுரைக்காரர். சின்ன வயதிலேயே நாடகக் கம்பெனியில் சேர்ந்து பெயர் வாங்கியவர். மற்றவர்கள் மறுத்தபோது தாஸுக்கு ஜோடியாக மேடை ஏறினார். தங்கள் கம்பெனியில் ஆர்மோனியம் வாசித்த குருசாமியைத்தான் கல்யாணம் செய்துகொண்டார். பிறகு நாடகத்தில் சம்பாதித்த நகையையும் பட்டையும் விற்றுக் கம்யூனிஸ்ட் கட்சிக்குக் கொடுத்தார். சிறைக்குப் போனார். 1967இல் மதுரை கிழக்குத் தொகுதியிலிருந்து சட்டமன்ற உறுப்பினரானார். 1992இல் காலமானார். ஜானகி அம்மாவைப் பற்றிப் பேசுபவர்கள் அரசியலைத்தான் பேசுகிறார்கள், அது நியாயம்தான். ஆனால் கூட்டத்தின் முன்னால் நின்று பேசும் அந்தக் குரல் எங்கே பழகியது என்று கேட்டால், விடிய விடிய நடந்த அந்த மேடைகளில் என்றுதான் நான் சொல்வேன். உங்கள் தாத்தாவைப் போன்ற ஓர் ஆர்மோனியக்காரர் அந்தக் கதையின் நடுவில் இருக்கிறார் என்பதையும் கவனியுங்கள்.

1940 டிசம்பர் 31. சென்னை ராயல் தியேட்டர். மேடையில் விஸ்வநாததாஸ் முருகனாக மயில் மீது அமர்ந்து பாடிக்கொண்டிருந்தார். பாட்டின் நடுவில் குரல் நின்றது. மயில் மேலேயே உயிர் போய்விட்டது. வயது 54. வேடத்தைக் கலைக்காமல், முருகனாகவே, மயிலோடு அவரை ஊர்வலமாகக் கொண்டுபோனார்கள். திருமங்கலத்தில் அவருக்கு நினைவு இல்லம் இருக்கிறது. நாடகக் கலைஞர்கள் அவரை மறக்கவில்லை, அவருடைய சமூகத்தினரும் மறக்கவில்லை. மற்றவர்கள்தான், "அது அவர்களுடைய தலைவர்" என்று ஒதுக்கிவிட்டோம். மறதியிலும் சாதி இருக்கிறது. இதைச் சொல்லாமல் அவர் கதையைச் சொல்லக்கூடாது.

இனி ஆர்மோனியம். ராஜபார்ட்டுக்கே இந்த நிலைமை என்றால் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தவருக்கு எப்படி இருக்கும்?

ஸ்பெஷல் நாடகத்தைப் பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். இதில் கம்பெனி என்று ஒன்று கிடையாது. திருவிழா நடத்தும் ஊர்க்காரர்கள் ராஜபார்ட்டை ஓர் ஊரிலிருந்தும், ஸ்திரீபார்ட்டை இன்னோர் ஊரிலிருந்தும், பபூனையும் டான்ஸையும் வேறு வேறு இடங்களிலிருந்தும் தனித்தனியாகப் பேசி முன்பணம் கொடுப்பார்கள். எல்லோரும் அன்று ராத்திரிதான் ஒருவரையொருவர் பார்ப்பார்கள். ஒத்திகை இல்லை. சங்கரதாஸ் சுவாமிகளின் பாட்டும் வசனமும் எல்லோருக்கும் பொது என்பதால் அது முடிகிறது. பத்து மணி வாக்கில் பபூன் வந்து கூட்டத்தைச் சிரிக்கவைத்து உட்காரவைப்பார். அப்புறம் கதை. கிழக்கு வெளுக்கும்போது மங்களம்.

ஒத்திகை இல்லாத இந்த நாடகத்தைக் கட்டி நிறுத்துவது ஆர்மோனியம்தான். யார் எத்தனை கட்டையில், அதாவது எந்தச் சுருதியில் பாடுவார், எந்த இடத்தில் மூச்சு வாங்குவார், எந்தப் பாட்டை இழுப்பார், எதைத் தாண்டிவிடுவார் என்பதெல்லாம் அவருக்குத் தெரிய வேண்டும். பின்பாட்டும் அவர்தான் பாடுவார். புதுக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமத்தில் 'வள்ளி திருமணம்' பார்த்தேன். நாரதருக்கும் வள்ளிக்கும் தர்க்கம். நாரதராக வந்தவர் அனுபவஸ்தர். வள்ளி சின்னப் பெண், மேடைக்குப் புதுசு. நாரதர் ஒரு கேள்வியைப் போட்டு மடக்கினார். அந்தப் பெண் தடுமாறினாள். கூட்டம் சலசலத்தது. அப்போது ஆர்மோனியக்காரர் அவளைப் பார்க்காமலேயே அடுத்த பாட்டின் எடுப்பை மெதுவாக வாசித்தார். இரண்டே ஸ்வரம். அவள் பிடித்துக்கொண்டு பாடினாள், கைத்தட்டல் வாங்கினாள். காப்பாற்றியது யார் என்று மேடையில் இருந்தவர்களைத் தவிர யாருக்கும் தெரியாது. உங்கள் தாத்தா எத்தனை ராத்திரி இப்படிச் செய்திருப்பாரோ!

ஆர்மோனியக்காரர்களின் பெயர் காணாமல் போனதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1940இல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தைத் தடை செய்தது. ஸ்வரத்தை அசைத்து வாசிக்கும் கமகம் பேசாத வாத்தியம், அயல்நாட்டுச் சரக்கு என்று சொன்னார்கள். 1971 வரை அந்தத் தடை இருந்தது. வீடு வீடாகப் பாட்டைக் கொண்டுபோன வானொலி அந்த முப்பது வருடமும் இந்த வாத்தியத்தை வாசலிலேயே நிறுத்திவைத்தது. கச்சேரி உலகமும் அதை மதிக்கவில்லை. மேடையில் புகழ்பெற்ற நாடகப் பாடகர் எஸ்.ஜி.கிட்டப்பா பாடியபோது ஆர்மோனியம் வாசித்தவர் அவருடைய அண்ணன் காசி ஐயர். தம்பியின் பெயர் தெரியாதவர் இல்லை, அண்ணனைக் கேட்டால் எத்தனை பேர் சொல்வார்கள்?

இப்போது நீங்கள் கேட்ட வழிக்கு வருகிறேன்.

முதலில் நோட்டீஸ். ஸ்பெஷல் நாடகத்தின் ஆவணம் என்றால் அதுதான். ஊர், கோயில், தேதி, நாடகத்தின் பெயர், கலைஞர்களின் படம், பட்டம், சொந்த ஊர், பக்கவாத்தியக்காரர்களின் பெயர் எல்லாம் அதில் அச்சாகியிருக்கும். வீட்டில் பழைய டிரங்குப் பெட்டியில், சாமி படத்துக்குப் பின்னால், அலமாரித் தட்டில் விரித்த காகிதத்துக்கு அடியில் எல்லாம் பாருங்கள். கிடைத்தால் செல்லோடேப் ஒட்டாதீர்கள், காகிதத்தைத் தின்றுவிடும். வெளிச்சமான இடத்தில் வைத்துப் படம் எடுத்துக்கொண்டு, மடிக்காமல் வையுங்கள்.

அடுத்து சங்கங்கள். மதுரை, புதுக்கோட்டை, திண்டுக்கல் போன்ற ஊர்களில் நாடக நடிகர் சங்கங்கள் இருக்கின்றன. சுவரில் பழைய உறுப்பினர்களின் படங்கள் மாட்டியிருப்பார்கள். நேரில் போங்கள். ஃபோனில் கேட்டால் "தெரியலையே" என்பார்கள். நேரில் போய்ப் பெயரையும் வாசித்த காலத்தையும் சொன்னால், மூலையில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெரியவர் நிமிர்ந்து பார்ப்பார். சங்கரதாஸ் சுவாமிகளின் குருபூஜை சமயத்தில் போனால் ஒரே நாளில் பலரைப் பார்க்கலாம். பெரியவர்கள் இருக்கும்போதே போய்விடுங்கள், இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

மூன்றாவது, சென்னை தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். நாடகப் பாட்டுப் புத்தகங்கள், நோட்டீஸ்கள் எல்லாம் அங்கே பாதுகாப்பாக இருக்கின்றன. அதைச் சேர்த்தவரே ஓர் அபூர்வ மனிதர். செட்டிநாட்டுக் கோட்டையூரைச் சேர்ந்த முத்தையா செட்டியார், விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். கடைப் பெயர்தான் 'ரோஜா'. பழைய காகிதம் என்று மற்றவர்கள் எடைக்குப் போட்டதையெல்லாம் நாற்பது வருடத்துக்கு மேலாகத் தேடித் தேடி வாங்கிச் சேர்த்தார். கல்யாணப் பத்திரிகையைக்கூட விடவில்லை. 1992இல் அவர் இறந்தபோது ஏறக்குறைய ஒரு லட்சம் உருப்படிகள் இருந்தன. சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கி, தமிழ்நாட்டிலேயே வைத்து, 1994இல் நூலகமாக்கியது. அவர் மட்டும் இல்லையென்றால் நான் மேலே சொன்ன உலகத்தில் பாதி புகையாகப் போயிருக்கும்.

இதைவிட முக்கியமானது வீட்டுக்குள் இருக்கும் எழுத்து. மதுரகவி பாஸ்கரதாஸ் 1917 தொடங்கி முப்பது வருடத்துக்கு மேல் நாட்குறிப்பு எழுதினார். யார் வந்தார், எந்த ஊருக்குப் போனார், யாருக்குப் பாட்டு எழுதிக் கொடுத்தார், என்ன வந்தது, என்ன செலவானது என்று சின்னச் சின்ன வரிகள். அலங்காரமே இல்லை. 1952இல் அவர் மறைந்த பிறகு பல பத்தாண்டுகள் கழித்து, பேரன் முருகபூபதியின் உழைப்பால் அது புத்தகமாக வந்தது. எந்தப் பெரிய வரலாற்று நூலிலும் இடம் கிடைக்காத எத்தனையோ நடிகர்கள் அந்த வரிகளில் உயிரோடு நடமாடுகிறார்கள். உங்கள் தாத்தாவிடமும் கணக்கு நோட்டு ஒன்று இருந்திருக்கும். ஸ்பெஷல் நாடகக்காரர்கள் தேதி குறித்துக்கொள்ளாமல் பிழைக்க முடியாது. ஒரே நாளில் இரண்டு ஊருக்கு ஒத்துக்கொண்டால் வம்பு. பழைய காலண்டர், டைரி, பால் கணக்கு நோட்டின் பின்பக்கம் எதையும் எறிய வேண்டாம்.

பாட்டி இருக்கிறார்களா? இருந்தால் "தாத்தா என்ன சாதித்தார்" என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு யாரிடமும் பதில் இருக்காது. விடிகாலையில் வீட்டுக்கு வந்ததும் முதலில் என்ன செய்வார்? எந்த ஸ்திரீபார்ட்டுக்கு வாசிக்கப் பிடிக்கும், யாருக்கு வாசிக்க மாட்டேன் என்பார்? ஆர்மோனியப் பெட்டியை பஸ்ஸில் எங்கே வைப்பார்? மழைக்காலத்தில், நாடகம் இல்லாத மாதங்களில், அடுப்பு எப்படி எரிந்தது? இப்படிக் கேளுங்கள். பதிலை அவர்கள் சொல்கிற மொழியிலேயே பதிவு செய்யுங்கள், திருத்த வேண்டாம்.

பெட்டி இன்னும் வீட்டில் இருந்தால், பழுதுபார்க்கத் தெரிந்தவரை வைத்து மேல்பலகையைக் கழற்றச் சொல்லுங்கள். நான் பார்த்த ஒரு பழைய பெட்டியின் உள்ளே, ரீடுகளுக்குப் பக்கத்து மரத்தில், சுருதி சேர்த்த தேதியும் ஊரும் பென்சிலால் எழுதியிருந்தது. கீழே இன்னொரு கையெழுத்தில், யாருக்காகச் சேர்த்தது என்று ஒரு பெண்ணின் பெயர், பக்கத்தில் "ஐந்து கட்டை".